ஏழு டன் வண்டிக்குத் தேர்வே வேண்டாமா?

பிரிட்டனில் பதினேழு வயதில் கார் உரிமம் வாங்கலாம். சின்னஞ்சிறு காரில் ஓட்டிக் காட்டி இன்று தேர்ச்சி பெற்ற ஒருவர், நாளைக் காலையில் 3,500 கிலோ வரையுள்ள கேரவன் என்னும் வீட்டு டிரெய்லரைத் தன் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் இறங்கினால் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் எங்கும் சட்டம் தடுக்காது. இழுக்கும் வண்டியும் 3,500 கிலோ வரை இருக்கலாம் என்பதால் மொத்தம் ஏழு டன். கேரவனை மாட்டத் தெரியுமா, பாரம் ஏற்றத் தெரியுமா, பின்னோக்கி எடுக்கத் தெரியுமா என்று அவரை யாரும் கேட்பதில்லை.

இந்த நிலை 2021-இல் வந்தது. அதற்கு முன், 1997 ஜனவரி 1-க்குப் பிறகு உரிமம் பெற்றவர்கள் கனமான டிரெய்லரை இழுக்கத் தனித்தேர்வு எழுத வேண்டியிருந்தது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத் தேர்வு அது. டிரெய்லரோடு பின்னோக்கி வளைந்து குறித்த இடத்தில் நிறுத்த வேண்டும். கழற்றி மறுபடி மாட்டிக் காட்ட வேண்டும். பாதுகாப்பு பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லி, சாலையிலும் ஓட்ட வேண்டும். 2021 கோடையில் அந்நாட்டில் லாரி ஓட்டுநர்களுக்குக் கடும் பஞ்சம். கடைகளில் சரக்கு வந்து சேரவில்லை. டிரெய்லர் தேர்வை எடுத்துவிட்டால், மிச்சமாகும் தேர்வாளர் நேரத்தில் ஆண்டுக்குச் சுமார் 30,000 லாரித் தேர்வுகளைக் கூடுதலாக நடத்தலாம் என்று அரசு கணக்குப் போட்டது. செப்டம்பர் 20-ஆம் தேதி தேர்வுகள் நின்றன. விதியை மாற்றிய சட்டம் நடைமுறைக்கு வந்ததோ டிசம்பர் 16-இல்தான். நடுவில் ஏறக்குறைய மூன்று மாதம், இழுப்பதற்குத் தேர்வு கட்டாயம், எழுதுவதற்குத் தேர்வு இல்லை. அத்தனை அவசரம்.

லாரி ஓட்டுநர் பஞ்சம் உண்மையானது. அதைத் தீர்க்க அரசு எதையாவது செய்தே ஆகவேண்டியிருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நெருக்கடிக்காக எடுத்த முடிவு, நெருக்கடி தணிந்த பிறகும் நிரந்தரச் சட்டமாக நிற்கிறது. இதைத்தான் எச்சரிக்கிறோம்.

கேரவன் இழுப்பது கார் ஓட்டுவதன் நீட்சி என்று நினைப்பவர்கள் அதை இழுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நம் ஊரில் மாட்டுவண்டி கட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் சட்டென்று புரியும். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே எழும்பும். கேரவனிலும் அதே கணக்குதான். கொக்கியின்மேல் இறங்கும் பாரம், கேரவனின் மொத்த எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு இருப்பது நல்லது என்கிறார்கள். 1,500 கிலோ கேரவனுக்கு அது 75 முதல் 105 கிலோ. விடுமுறைக்குக் கிளம்பும் குடும்பம் பிள்ளைகளின் சைக்கிள்களைப் பின்பக்கம் கட்டிவிட்டு, கூடாரத் துணியையும் பின்மூலையில் திணித்தால் அந்தக் கணக்கு அங்கேயே கெட்டுவிடும். வீட்டு வாசலில் நிற்கும்போது எதுவும் தெரியாது. மணிக்கு 60 மைலில் போகும்போதுதான் தெரியும்.

அங்கே கேரவன் இழுக்கும் காருக்கு நெடுஞ்சாலையில் உச்சவேகம் 60 மைல். கனரக லாரிகளை 56 மைலுக்கு மேல் போகாதபடி கருவி கட்டுப்படுத்துகிறது. ஆகவே கேரவன்காரர் லாரியை முந்தவே செய்வார். பக்கத்தில் வரும்போது லாரி தள்ளும் காற்று கேரவனின் அகன்ற பக்கச்சுவரில் மோதும். பின்பாரம் மிஞ்சிய கேரவன் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். பழக்கமில்லாதவரின் கால் தானாகவே பிரேக்கைத் தேடும். கை ஆட்டத்துக்கு எதிராக ஸ்டீயரிங்கைத் திருப்பும். இரண்டும் ஆபத்தை வளர்க்கும். ஆக்சிலேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விட வேண்டும். பயப்படும் உடம்பு செய்ய நினைப்பதற்கு நேர்மாறானது இது. யாராவது சொல்லிக்கொடுக்காமல் எவருக்கும் வராது.

மாட்டும் வேலையும் அப்படியே. காரின் பின்னுள்ள இரும்புக் குண்டின்மேல் கேரவனின் பிடி இறங்கியதும் கைப்பிடி படிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். அனுபவசாலி அதோடு விடமாட்டார். கேரவனின் முன்னுள்ள சிறு சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றி அதன் மூக்கைச் சற்று உயர்த்துவார். கூடவே காரின் பின்பக்கமும் எழும்பினால்தான் பிடி விழுந்திருக்கிறது என்று பொருள். பிறகு, கேரவன் கழன்றுவிட்டால் அதன் பிரேக்கை இழுத்துப் பிடிக்கும் கம்பியைக் காரில் மாட்டுவார். சில நிமிட வேலைதான். விட்டுவிட்டால், பின்னால் வருபவரும் நடைபாதையில் போகிறவரும்தான் ஈடு கொடுக்க வேண்டும்.

ஈடு கொடுத்தும் இருக்கிறார்கள். 2014 ஜனவரியில் பிரிஸ்டல் நகரில், தாயுடன் நடந்துபோன மூன்று வயதுச் சிறுவன், வண்டியிலிருந்து கழன்றுவந்த இரண்டு டன் டிரெய்லர் மோதி இறந்தான். அவனுடைய பெற்றோர் துயரத்தோடு முடங்கிவிடாமல் டிரெய்லர் பாதுகாப்புக்காகக் குரல் கொடுத்தார்கள். டிரெய்லர் விபத்துகள் பற்றி அரசு அறிக்கை தர வேண்டும் என்று 2018-இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. அதன்பின் மூன்றே ஆண்டில், அந்த வண்டிகளை மாட்டத் தெரியுமா என்று சோதித்த ஒரே தேர்வும் போய்விட்டது. மூன்று ஆண்டைத் தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் தகுதிச் சோதனை கேட்கும் அந்நாடு, கேரவனுக்கு அதையும் கேட்பதில்லை. ஓட்டுபவருக்கும் சோதனை இல்லை, இழுபடும் வண்டிக்கும் இல்லை.

1997-க்கு முன் உரிமம் பெற்றவர்கள் தேர்வில்லாமல்தானே இழுத்தார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். இழுத்தார்கள், உண்மை. முன்பு அப்படி இருந்தது என்பதாலேயே அது போதும் என்று ஆகிவிடாது. பயிற்சி பெற விரும்புவோருக்கு அரசு அங்கீகரித்த வகுப்புகள் இப்போதும் உண்டு என்பது இன்னொரு பதில். ஆனால் விரும்பி வருகிறவர் ஏற்கெனவே எச்சரிக்கையானவர். நாம் கவலைப்படுவது வராதவரைப் பற்றி.

பழைய தேர்வையே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றுகூட நாம் வற்புறுத்தவில்லை. ஐரோப்பிய ஒன்றிய விதிகளில் ஒரு நடுவழி இருக்கிறது: காரும் டிரெய்லரும் சேர்ந்து 3,500 முதல் 4,250 கிலோ வரை இருந்தால், குறைந்தது ஏழு மணி நேரப் பயிற்சி பெற்றால் போதும் என்று ஒரு நாடு வைத்துக்கொள்ளலாம். ஜெர்மனி அப்படியே வைத்திருக்கிறது. பயிற்சிக்குப் பின் தேர்வு கிடையாது. இதற்கு அரசின் தேர்வாளர் ஒருவரின் நேரம்கூடத் தேவையில்லை. லாரித் தேர்வுகளும் தடைபடா. 2021-இல் சொன்ன காரணம் இதன்முன் நிற்காது. வட அயர்லாந்தோ தனித்தேர்வை இன்றளவும் கைவிடவில்லை.

அந்தச் சாலைகளில் நம்மவர் குடும்பங்களும் போய்வருகின்றன. ஏழு மணி நேரப் பயிற்சியை வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றம் கட்டாயமாக்க வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகலாம். அதுவரை, கேரவனை வாடகைக்கு விடும் நிறுவனங்கள் பயிற்சிச் சான்றைப் பார்த்த பிறகே சாவியைக் கொடுக்கட்டும். காப்பீட்டு நிறுவனங்கள் சான்று உள்ளவர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கட்டும். இரண்டுக்கும் சட்டம் வேண்டியதில்லை. வரும் கோடை விடுமுறைக்கு முன்பே தொடங்கிவிடலாம்.