ஒலிநாடாவும் ஆசிரியர் கடமையும்

மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் தோன்றிற்று. அதனைத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியேயை வரலாறு மறக்கவில்லை. அவருடைய நாவல் 1930இல் கோன்கூர் பரிசும் பெற்றது. ஆனால், இவ்வட்டாரத் தோட்டங்களில் உழைத்துத் தேய்ந்த தமிழ்ப் பெண்ணின் தாலாட்டு எந்த நூலில் உள்ளது? எங்கேனும் எஞ்சியிருக்குமாயின், எழுபது எண்பதுகளில் லயத்து வீட்டில் பதிவான கேசட்டில்தான் இருக்கும்.

அந்தக் கேசட்டின் நிலை யாது? தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகளின் அலமாரியில் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. மெல்லிய நாடாவின்மேல் பூசிய இரும்பு ஆக்சைடுத் துகளே ஒலியைத் தாங்குகிறது. இந்நாட்டு வெப்பமும் ஈரமும் அதற்குப் பகை. நாடாவை ஓட்டும் கருவிகளும் அருகிவிட்டன. 2025க்குள் மின்னிலக்கத்திற்கு மாற்றப்படாத நாடாக்களில் பெரும்பாலானவை அழிந்தேபோகும் என ஆஸ்திரேலியத் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015இலேயே எச்சரித்தது. அக்கெடு வந்தேவிட்டது.

“எல்லாம் யூடியூபில் உண்டே” என்பர் சிலர். திரைப்பாடல் உண்டு, ஈஜோக் பாட்டியின் ஒப்பாரி உண்டா? சயாம் மரண இரயில் பாதையிலிருந்து உயிர் மீண்ட தாத்தாவின் சொல் உண்டா? “தேசிய ஆவணக் காப்பகம் செய்யட்டும்” என்பர் வேறு சிலர். அது வீடுதோறும் வந்து அலமாரியைத் திறக்குமா?

இது வல்லுநர்க்கே உரிய வேலையுமன்று. துடைத்துத் தூய்மை செய்த ஒலிப்பதிவுக் கருவி, அதிலிருந்து கணினிக்கு ஒரு கம்பி, ஒடாசிட்டி என்னும் இலவச மென்பொருள் ஆகியவை போதும். வினாடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட் என்னும் அளவில் பதிந்தால், ஒரு மணி நேர ஒற்றைத்தட ஒலிக்கு ஏறத்தாழ 520 மெகாபைட் இடமே தேவை. மூலத்தை வேவ் கோப்பாகவே காத்தல் வேண்டும். ஒலியை நெருக்கிச் சுருக்கும் எம்பி3 கேட்பதற்கு மட்டுமே. இரைச்சலை நீக்குவதாயின் படியில் நீக்குக; மூலத்தில் கை வைத்தல் ஆகாது. பாடியவர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றை எழுதி வைக்காத பதிவு முகவரியற்ற கடிதமாகும்.

தொண்ணூறு நிமிட நாடாவுக்குத் தொண்ணூறு நிமிடம் செலவாகும். ஒரு மாணவன் ஒரு பிற்பகலில் முடிக்கக்கூடிய தொண்டு இது. ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராய் நடந்த உ.வே.சாமிநாதையரை வகுப்பில் புகழாத தமிழாசிரியர் இல்லை. அவர் கறையானுக்கு முந்திக்கொண்டார். புகழ்வோர் பூஞ்சைக்கேனும் முந்த வேண்டாமா?