கணக்கு கேட்பதும் சேவைதான்

நம் சமூக சேவைச் சங்கங்களில் ஒரு கெட்ட வார்த்தை உண்டு. அது 'கணக்கு'. செயலவைக் கூட்டத்தில் யாராவது அதைச் சொல்லிவிட்டால் போதும், மேசையில் இருக்கும் கறிபாப்கூட ஆறிப்போகும். "என்னாப்பா, எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்பார் ஒருவர். "நாங்க என்ன எங்க வீட்டுக்கா தூக்கிட்டுப் போறோம்?" என்று இன்னொருவர் குரலை உயர்த்துவார். "தம்பிக்கு இளரத்தம்" என்று தலைவர் சிரித்தபடி முடித்துவைப்பார். அடுத்த அங்கம் நன்றியுரை.

பெட்டாலிங் ஜெயாவில் அப்படியொரு சங்கத்தில் நான் நான்கு ஆண்டுகள் தன்னார்வலராக இருந்தேன். பெயர் இங்கே தேவையில்லை. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இருக்கும் நண்பர்கள் சொல்லும் கதைகளும் இதேதான். டேசா மெந்தாரி அடுக்குமாடியில் லிப்ட் வேலை செய்யாத நாட்களில் அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறியிருக்கிறேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் சண்டை அந்த அரிசிக்காக நடத்தப்படும் நன்கொடை விருந்தோடுதான்.

விருந்து எப்படி நடக்கிறது என்று பாருங்கள். உதாரணத்துக்கு, ஒரு மேசை 1,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 50 மேசை விற்றால் மேடையில் "ஐம்பதாயிரம் வெள்ளி திரட்டிவிட்டோம்" என்று அறிவிப்பார்கள். கைத்தட்டல். மண்டபம், சாப்பாடு, ஒலிபெருக்கி, பாடகர், மாலை, பொன்னாடை, நினைவுச்சின்னம் எல்லாம் போக என்ன மிஞ்சியது? அதை எந்த மேடையிலும் யாரும் அறிவிப்பதில்லை. மறுநாள் நாளிதழில் ஆளுயரக் காசோலை அட்டையின் படம் வரும். வரவுக்கு அட்டை உண்டு. செலவுக்கு யாரும் அட்டை அடிப்பதில்லை.

இவர்களுக்கு ரசீது கேட்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. டோலுக்கும் பெட்ரோலுக்கும் 18 வெள்ளி கேட்ட கல்லூரி மாணவியிடம் ரசீதைக் கேட்டு இரண்டு வாரம் அலையவிட்டதைப் பார்த்திருக்கிறேன். அதே வாரம் தலைவர் "கைக்காசு 1,800 போட்டேன்" என்று வாயால் சொன்னார், பொருளாளர் அப்படியே எழுதிக்கொண்டார். கீழே இருப்பவரிடம் மட்டும் கேட்கப்படும் ரசீதுக்குப் பெயர் நிர்வாகம் அல்ல, அதிகாரம்.

விதி இல்லாமல் இல்லை. 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாட்களுக்குள் பொறுப்பாளர் பட்டியலும் கணக்கறிக்கையும் பதிவதிகாரிக்குப் போக வேண்டும். அரிமா சங்கங்களுக்கு உலகம் முழுக்க ஒரே நடைமுறைதான். உறுப்பினர் சந்தா ஒரு கணக்கில், பொதுமக்களிடம் திரட்டியது தனிக் கணக்கில். நிகழ்ச்சியின் நேரடிச் செலவைக் கழித்துக்கொள்ளலாம். மிச்சம் முழுக்க மக்களுக்கே போக வேண்டும், சங்க நிர்வாகத்துக்குத் தொடக்கூடாது. இந்த ஒரு கோட்டை மட்டும் எல்லாச் சங்கமும் போட்டுக்கொண்டால் பாதிப் பொன்னாடை குறைந்துவிடும்.

நம் பொருளாளர்கள் எல்லாம் திருடர்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோர் ஒரு காசு எடுக்காதவர்கள். ஆனால் எழுதாதவர்கள். கணக்கு எழுதப்படாத இடத்தில் நேர்மையானவரையும் எடுப்பவரையும் எதை வைத்துப் பிரிப்பது? நல்லவரைக் காப்பாற்றுவதற்கும் அந்தக் கணக்குப் புத்தகம்தான் வேண்டும்.

"நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லை" என்பது அடுத்த சாக்கு. 1960இல் ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்று, தொழிலாளிகள் தெருவுக்கு வந்துகொண்டிருந்தபோது, வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் மாதம் 10 வெள்ளி கட்டி 100 வெள்ளிப் பங்கு வாங்கினார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அவர்கள் சங்கத்துக்குச் சொந்தமானது. அந்த 10 வெள்ளி தானம் அல்ல, பங்கு. கொடுத்தவருக்குக் கேட்கும் உரிமை இருந்தது. இன்று சேவைச் சங்கத்துக்கு 50 வெள்ளி கொடுப்பவருக்கு உரிமைக்குப் பதிலாகப் புண்ணியம் தருகிறோம். புண்ணியத்துக்கு யாரும் ரசீது கேட்பதில்லை.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் இதே சமூகம் பார்த்திருக்கிறது. 1980களில் ஏறக்குறைய 66,000 பேர் சேர்ந்து 10 கோடி வெள்ளிக்கும் மேல் மைக்கா ஹோல்டிங்ஸில் போட்டார்கள். இலாபம் எங்கே என்று கேட்டே பலருக்கு வயதாகிப்போனது. பிறகு மித்ரா வந்தது, ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி ஒதுக்கீட்டோடு. அந்த நிதி போன வழியை 2022இல் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரித்தது. விசாரணைக்காகக் கைதானவர்களில் அரசு சாரா அமைப்பினரும் இருந்தார்கள். யார் குற்றவாளி என்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் தன் சொந்தச் சங்கத்தில் 500 வெள்ளிக்குக் கணக்கு கேட்காத சமூகம் 10 கோடிக்கு எந்த வாயால் கேட்கும்?

யாரும் எழுதாத இன்னொரு கணக்கும் உண்டு. தன்னார்வலரின் நேரம். பல சங்கங்களில் ஜூலை மாதம் புதுத் தலைவர், அவர் பெயர் சொல்ல ஒரு புதுத் திட்டம். போன ஆண்டு தொடங்கிய டியூஷன் வகுப்பு 'பழைய தலைவரின் திட்டம்' ஆகிவிடும். நாங்கள் சனிக்கிழமை தோறும் நடத்திய வகுப்பு அப்படித்தான் நின்றது. அடுத்த வாரம் ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் போன் செய்து, "அண்ணே, கிளாஸ் இருக்கா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி எந்த ஆண்டறிக்கையிலும் வராது. ஸ்ரீ முருகன் நிலையம் 1982 முதல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறது. திட்டம் ஒரு தலைவரின் பதவிக்காலத்தைத் தாண்டி வாழ முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இலக்கியம் படிக்கும் உங்களிடம் இதை ஏன் சொல்கிறேன்? நம் நூல் வெளியீடுகளும் இதே விருந்துதான். 'முதல் நூல் பெறுபவர்' டத்தோ உறையை நீட்டுவார், அறிவிப்பாளர் தொகையைச் சொல்வார். அச்சுக்கு எவ்வளவு, எழுத்தாளருக்கு எவ்வளவு என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஒரு கவிதைக்காக வாட்சாப்பில் மூன்று நாள் சண்டை போடும் நாம், நம் சங்கத்தின் வரவு செலவை ஒருமுறையாவது படித்திருக்கிறோமா?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பிறகு இரண்டு வாரத்துக்குள் வரவு, செலவு, மிச்சம் என்று மூன்று வரி உறுப்பினர் குழுவில் வரட்டும். தலைவருக்கும் மாணவிக்கும் ஒரே ரசீது விதி இருக்கட்டும். தொடங்கும் திட்டத்தை மூன்று ஆண்டு நடத்துவோம் என்று தீர்மானம் போட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் யாராவது எழுந்து, "பொருளாளர் அறிக்கையை வாசித்ததாகக் கருதி ஏற்றுக்கொள்ளலாம்" என்று முன்மொழிவார். வழிமொழியக் கை தூக்காதீர்கள். "வாசிங்கய்யா, கேட்போம்" என்று சொல்லுங்கள்.