பழகிய கையும் புதிய வண்டியும்



உங்கள் வீட்டுச் சமையற்கட்டில் கிடக்கும் முக்காலியை என்றேனும் உற்று நோக்கியிருக்கிறீர்களா? தரை மேடும் பள்ளமுமாக இருந்தாலும் அது ஆடுவதில்லை. நான்கு கால் நாற்காலிதான் ஒரு கால் தரையில் படாமல் தடதடவென்று ஆடும். மூன்று கால்களோ எத்தகைய தரையிலும் ஒருசேர ஊன்றிக்கொள்ளும். ஆனால், அதே முக்காலியில் இரு கால்களுக்கு இடைப்பட்ட விளிம்பின் மேல் ஒருவர் சாய்ந்து அமரட்டும். கண்ணிமைக்கும் நேரத்தில் அது கவிழ்ந்துவிடும். ஆடாமை என்பது வேறு. கவிழாமை என்பது வேறு. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இம்மாதம் நாம் ஓட்டிப் பார்க்கப்போகும் வண்டியின் பாதிச் சூட்சுமம் அதில்தான் அடங்கியிருக்கிறது.

முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம் கொண்ட நெடும்பயண மோட்டார் சைக்கிள் அது. பெயர் 'கேன்-ஆம் ஸ்பைடர்'. கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்திலுள்ள வால்கூர் என்னும் சிற்றூரைத் தலைமையிடமாகக் கொண்ட பி.ஆர்.பி. நிறுவனம், 2007ஆம் ஆண்டில் இதனை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. நெடும்பயணத்திற்கென்றே அமைந்த 'ஆர்.டி.' என்னும் வகை 2010இல் வந்தது. 2014ஆம் ஆண்டு வண்டியில் 1330 சி.சி. கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. அதன் ஆற்றல் 115 குதிரைத்திறன். முன்னோக்கிச் செல்ல ஆறு கியர்கள். பின்னோக்கிச் செல்லவும் ஒரு கியர். வண்டியின் எடையோ நானூற்றைம்பது கிலோவுக்கும் மேல்!

இந்த வண்டியின் வடிவம் எங்கிருந்து வந்தது? அதற்குப் பின்னால் ஒரு தந்தையின் கண்ணீர் இருக்கிறது.

1907இல் பிறந்த ஜோசப்-அர்மாண்ட் பொம்பார்டியே வால்கூரில் ஒரு மோட்டார் பழுதுபார்க்கும் கடை நடத்தி வந்தார். பனிக்காலத்தில் அந்தப் பகுதியின் சாலைகள் முழுவதும் மூடப்பட்டுவிடும். 1934ஆம் ஆண்டின் பனிக்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி கண்டது. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியில்லை. பனியில் ஓடக்கூடிய வண்டி ஒன்றை அவர் அப்போது உருவாக்கிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அது முடிவு பெற்றிருக்கவில்லை. குழந்தை இறந்துபோயிற்று. தகப்பன் கையில் தொழில் இருந்தும் பிள்ளையைக் காக்க முடியாமற்போன அந்த வேதனையை எண்ணிப்பாருங்கள்!

அவர் சோர்ந்துவிடவில்லை. 1937இல் பனிமேல் ஓடும் பட்டைச் சக்கர அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அவர் செய்த பனிவண்டிகள் நோயாளிகளையும் பள்ளிக் குழந்தைகளையும் தபால் மூட்டைகளையும் சுமந்து சென்றன. 1959இல் தனிமனிதர் அமர்ந்து ஓட்டும் 'ஸ்கி-டூ' வண்டி வந்தது. அதன் முன்புறம் இரண்டு சறுக்குக்கட்டைகள். பின்புறம் ஒரே பட்டை. சறுக்குக்கட்டைகளுக்குப் பதிலாக இரு சக்கரங்களையும், பட்டைக்குப் பதிலாக ஒரு சக்கரத்தையும் வைத்துப் பாருங்கள். ஸ்பைடரின் வடிவம் உங்கள் கண்முன் நிற்கும்.

சரி, இப்போது வண்டியில் ஏறி அமருங்கள். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டீர்கள் அல்லவா?

முதல் வியப்பு, வண்டியைத் தாங்கிப்பிடிக்கக் காலூன்ற வேண்டியதில்லை என்பது. வண்டி தானே நிற்கிறது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உயிர்பெற்றுவிடாது. எச்சரிக்கைக் குறிப்பைப் படியுங்கள் என்று கண்முன் உள்ள திரை சொல்கிறது. படித்ததற்கு அடையாளமாக ஒரு பொத்தானை அழுத்திய பின்னரே எஞ்சினைக் கிளப்பலாம். நாம்தான் இதையெல்லாம் படிக்காமலேயே அழுத்திவிடும் கூட்டத்தைச் சேர்ந்தவர்களாயிற்றே! இன்று மட்டும் படித்துவிடுங்கள்.

தானியங்கிக் கிளட்ச் உள்ள வகையில் கிளட்ச் பிடி கிடையாது. இடக்கைப் பெருவிரலால் தள்ளினால் கியர் ஏறும். சுட்டுவிரலால் இழுத்தால் இறங்கும். மெல்ல வண்டியை நகர்த்துங்கள். சிறிது தூரம் சென்றதும் நிறுத்த வேண்டியிருக்கிறது. உங்கள் வலக்கை விரல்கள் தாமாகவே முன்னே நீண்டு பிரேக் பிடியைத் தேடுகின்றன. அங்கே எதுவும் இல்லை! விரல்கள் வெறும் காற்றைப் பற்றுகின்றன. மூன்று சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே பிரேக்தான். அது வலக்காலின் கீழே இருக்கிறது. காலால் மிதித்தவுடன் வண்டி உறுதியாக நிற்கிறது. ஆனால் கை காற்றைப் பற்றிய அந்தக் கணத்தில் உள்ளம் துணுக்குற்றதே, அதை மறந்துவிடாதீர்கள்.

அடுத்து ஒரு வளைவு வருகிறது. இங்கேதான் உண்மையான பரீட்சை.

இரு சக்கர வண்டியை ஓரளவு வேகத்தில் ஓட்டும்போது, இடப்புறம் திரும்ப நாம் என்ன செய்கிறோம்? கைப்பிடியை இடப்புறம் திருப்புகிறோம் என்று எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. இடக்கைப் பிடியைச் சற்றே முன்னோக்கித் தள்ளுகிறோம். முன்சக்கரம் ஒரு கணம் வலப்புறம் திரும்ப, வண்டி இடப்புறம் சாய்ந்து திரும்புகிறது. பல்லாண்டுகள் வண்டி ஓட்டியவர்களும் தாம் இவ்வாறு செய்வதை உணர்ந்திருப்பதில்லை. மனம் அறியாததைக் கை அறிந்திருக்கிறது.

மூன்று சக்கர வண்டியோ சாய்வதில்லை. கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கமே அது செல்லும். ஆகவே வலப்புற வளைவில் பழக்கத்தின்படி வலக்கைப் பிடியை முன்னே தள்ளினால், வண்டி இடப்புறம் பாயும். சாலையின் வலப்புறமாகச் செல்லும் கனடாவிலும் அமெரிக்காவிலும், இடப்புறம் என்பது எதிரே வண்டிகள் வரும் புறமாகும். எத்தகைய ஆபத்து என்று பார்த்தீர்களா? ஒன்றும் அறியாத புதியவருக்கு இந்தத் தடுமாற்றம் அவ்வளவாக இராது. முப்பதாண்டு அனுபவம் உள்ளவருக்கே அவருடைய அனுபவம் முதல் வளைவில் பகையாகிறது!

வளைவில் மற்றொன்றையும் உணர்வீர்கள். இரு சக்கர வண்டி உங்களோடு சேர்ந்து சாய்வதால், நீங்கள் இருக்கையில் அழுந்தி அமர்ந்திருப்பீர்கள். இங்கே, வளைவில் விரையும் பேருந்தில் பயணிகள் ஒருபுறம் தள்ளப்படுவதைப்போல, உங்கள் உடல் வெளிப்புறம் தள்ளப்படும். கைப்பிடியில் தொங்கிக்கொண்டு சமாளிக்க முயன்றால் வண்டியின் போக்கு மாறிவிடும். உடலை உட்புறமாகச் சற்று முன்னே சாய்த்து, கால்களை ஊன்றி, கைகளை இலேசாக வைத்துக்கொள்ள வேண்டும்.

நெடுஞ்சாலையில் நடுவே ஒரு பள்ளம். காரோட்டிகள் இரு சக்கரங்களுக்கிடையே அதை விட்டுத் தாண்டிவிடுவார்கள். நீங்களும் அவ்வாறே செய்தால், முன்சக்கரங்கள் தப்பிக்கும். நடுவிலுள்ள பின்சக்கரம் நேரே பள்ளத்தில் இறங்கும். மூன்று சக்கரங்களுக்கும் மூன்று தனித்தடங்கள் என்பது இதன் பொருள்.

சரி, இரு சக்கரங்களை முன்னால் வைத்த காரணம் என்ன? பிரேக்கை அழுத்தும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. முன்னால் ஒரே சக்கரம் இருக்குமானால், வளைவில் பிரேக் போடும்போது பாரம் முழுவதும் அந்த ஒற்றைச் சக்கரத்தின் பக்கம் சென்று, முக்காலியின் விளிம்பில் சாய்ந்தவர் கதைதான் நேரும். நம் ஊர் ஆட்டோக்கள் திருப்பங்களில் கவிழ்வதற்கு இதுவும் ஒரு காரணம். அமெரிக்காவில் 1980களில் ஒற்றை முன்சக்கரத்துடன் விற்பனையான காட்டுவழி வண்டிகள் எத்தனையோ குழந்தைகளைப் பலிகொண்டன. 1988இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி அவற்றின் புதிய விற்பனை அங்கே நிறுத்தப்பட்டது.

ஸ்பைடரில் பாரம் இரு முன்சக்கரங்களின் அகலத்தில் இறங்குகிறது. அதற்கும் மேலாக, பாஷ் நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கிய மின்னணுக் காவல் ஒன்றும் உண்டு. வளைவில் உட்புறச் சக்கரம் எழும்ப முற்பட்டால், அது எஞ்சின் ஆற்றலைக் குறைத்து, தேவையான சக்கரத்தில் தானே பிரேக் போடுகிறது. ஆயினும் காவலன் விழித்திருக்கிறான் என்பதற்காக வீட்டுக்காரர் கதவைத் திறந்துபோட்டு உறங்கலாமா? வேகத்திற்கும் வளைவுக்கும் உள்ள கணக்கை எந்தக் கருவியாலும் அழித்தெழுத இயலாது.

இத்தனை எச்சரிக்கைகளையும் படித்துவிட்டு, "பின்னர் ஏன் இந்த வண்டி?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். முழங்கால் தேய்ந்து, நிற்கும்போதெல்லாம் கனத்த வண்டியைத் தாங்க வலுவில்லாமற்போனவர் மீண்டும் நெடும்பயணம் செல்ல இது வழிவகுக்கிறது. ஒரு கால் பலம் குன்றியவருக்கும் தக்க மாற்றங்களோடு இது உதவக்கூடும். பின்னிருக்கையில் சாய்மானத்துடன் துணைவியார் அச்சமின்றி அமரலாம். முதல் ஆர்.டி. வண்டியிலேயே முன்பெட்டி, பக்கப்பெட்டிகள் எல்லாம் சேர்த்து 155 லிட்டர் அளவுக்குப் பொருள்களை வைக்க இடமிருந்தது. வாழ்க்கை ஒரு கதவை அடைக்கும்போது இத்தகைய வண்டி மற்றொன்றைத் திறக்கிறது. அதைக் குறைத்து மதிப்பிடலாகாது.

அயல்நாட்டில் பணிபுரியும் உங்கள் மகனோ தம்பியோ, "விடுமுறைக்கு மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு சுற்றிவரப் போகிறேன்" என்று தொலைபேசியில் மகிழ்ச்சியோடு சொல்லக்கூடும். மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டாம். "அதை ஓட்ட அங்கே எந்த உரிமம் வேண்டும் என்று விசாரித்தாயா?" என்று கேளுங்கள். சில இடங்களில் கார் உரிமமே போதும். சில இடங்களில் தனி உரிமம் தேவை. அடுத்து, "பின்னால் ஆளை ஏற்றுமுன் வெற்றுத் திடலில் ஒரு மணி நேரம் தனியாக ஓட்டிப் பழகினாயா?" என்று கேளுங்கள்.

"எனக்குத் தெரியாத வண்டியா!" என்று அவர் சிரிப்பாரேயானால், காற்றைப் பற்றிய அந்த விரல்களைப் பற்றிச் சொல்லுங்கள். தெரிந்தவன் என்ற எண்ணத்தைத் திடலின் ஓரத்தில் இறக்கிவைத்துவிட்டு, ஒரு மணி நேரம் மாணவனாக இருக்கச் சம்மதிப்பவருக்கே புதிய வண்டி பணியும். பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவர் அவரை நம்பியல்லவா அமர்ந்திருக்கிறார்!