தேனீயை விரட்டிவிட்டுப் பழத்தைத் தேடலாமா?

2025 கோடை ஞாபகமிருக்கிறதா? 'தர்பூசணிக்குள் சாய ஊசி போடுகிறார்கள்' என்று ஒரு பேச்சு கிளம்பியது. வாங்க ஆளில்லாமல் விழுப்புரம், செங்கல்பட்டு பக்கத்து விவசாயிகள் தவித்துப் போனார்கள். அந்தப் பயத்தில், 'நம்ம வீட்டிலேயே போட்டுக்கலாம்' என்று கொல்லைப்புறத்தில் விதை ஊன்றியவர்கள் எங்கள் உத்திரமேரூர் பக்கத்திலும் உண்டு.

நல்ல காரியம்தான். ஆனால், கொடி படர்ந்த பிறகு ஒரே புலம்பல். "பூ கொள்ளையா பூக்குது, பிஞ்சு நிக்க மாட்டேங்குதே!" உடனே யூரியா ஒரு கை, பூச்சி மருந்து ஒரு பாட்டில்! கடைப் பழத்தில் ஊசி என்று பயந்தவர்கள், சொந்தத் தோட்டத்தில் தாங்களே விஷம் தெளிக்கிறார்கள். இது நியாயமா?

மருந்தை ஓரமாக வைத்துவிட்டு, பூவைக் கவனியுங்கள். இதழுக்குக் கீழே குட்டிப் பிஞ்சு மாதிரி உருண்டை இருந்தால் பெண் பூ. வெறும் காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. முதலில் வருவதெல்லாம் பெரும்பாலும் ஆண் பூதான். அது உதிர்வது இயற்கை, பதற வேண்டாம். பெண் பூ காலையில் மலர்ந்து அன்றைக்கே மூடிவிடும். அதற்குள் தேனீ பல தடவை வந்து மகரந்தம் சேர்க்க வேண்டும். சேராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிரும். அரைகுறையாகச் சேர்ந்தால் காய் கோணலாகும். அந்த நேரத்தில் மருந்தடித்தால் சாவது யார்? உங்களுக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்யும் தேனீதான்!

தேனீ வரவில்லையா? அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். காலை பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். குழந்தைகளே ஆசையாகச் செய்வார்கள்.

பெண் பூ அதிகம் வர, இரண்டு இலைப் பருவத்திலிருந்து வாரம் ஒருமுறையாக நான்கு தடவை எத்ரல் தெளிக்கும் முறை வயல்களுக்கு உண்டு. நாலு கொடி வைத்திருக்கும் வீட்டுக்கு அது எதற்கு? குழியில் மக்கிய தொழு உரமும் வேப்பம் புண்ணாக்கும் போதும். யூரியா மிஞ்சினால் இலைதான் செழிக்கும். தண்ணீரை வேரில் ஊற்றுங்கள். காயவிட்டு திடீரென்று நிறைய ஊற்றினால் காய் வெடிக்கும். பழ ஈ குத்தாமலிருக்க, பிஞ்சுக்குக் காகிதப் பை மாட்டுங்கள். கொடிக்கு இரண்டு, மூன்று காய் மட்டும் விட்டால் ஒவ்வொன்றும் நன்றாகப் பெருக்கும். காயை ஒட்டிய சுருள் கம்பி காய்ந்து, தரையில் பட்ட இடம் மஞ்சளானால் பறிக்கலாம்.

பழத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். வெயிலுக்கு இதைவிட என்ன வேண்டும்? சர்க்கரை நோயாளிகள் ஜூஸாக்காமல், அளவாகத் துண்டு போட்டுச் சாப்பிடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியம் காரணமாக டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பராந்தக சோழன் காலத்திலேயே தோட்டத்தைக் கவனிக்கத் 'தோட்ட வாரியம்' வைத்திருந்த ஊர் உத்திரமேரூர் என்று கல்வெட்டு சொல்கிறது. உங்கள் தோட்டத்துக்கு வாரியமெல்லாம் வேண்டாம். தினமும் காலையில் கால் மணி நேரம் கொடியருகே நின்று பாருங்கள், போதும். மருந்து பாட்டில் தராத பழத்தை அந்தக் கால் மணி நேரம் தரும்!