தொண்ணூற்றைந்து இடங்களும் ஒரு பெஞ்சும்

ஊரூட்டம்பலம் அரசு யுபி பள்ளியில் தீயில் கரிந்த பெஞ்சு ஒன்றைக் காத்து வைத்திருக்கிறார்கள். 1914இல் பஞ்சமி என்ற புலையர் சிறுமியை, சாதி ஒடுக்குமுறையை எதிர்த்துப் போராடிய அய்யன்காளி அந்தப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லும் திருவிதாங்கூர் அரசின் உத்தரவு அப்போதே இருந்தது. மேல்சாதியார் பள்ளிக்கே தீ வைத்தார்கள். எரிந்ததில் மிஞ்சியது இந்தப் பெஞ்சு என்கிறார்கள். பள்ளிக்கு இப்போது அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரும் சூட்டப்பட்டிருக்கிறது.

கொல்லயில், பாறசாலைப் பக்கத்துப் பிள்ளைகள் காலையில் பஸ் ஏறினால் பார்த்துவிட்டு மதியச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம். நாமோ சுற்றுலா என்றால் திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலையைத் தாண்டி யோசிப்பதில்லை.

போனாலும், ஆசிரியர் முதலில் கதையைச் சொல்லிவிடக் கூடாது. பிள்ளைகள் பெஞ்சைப் பார்க்கட்டும். எங்கே கரிந்திருக்கிறது, எத்தனை பேர் உட்காரலாம், இது அந்தப் பெஞ்சுதான் என்று எப்படித் தெரியும்? கடைசிக் கேள்வியைக் கேட்கும் பிள்ளையை அதட்டாதீர்கள். வரலாறு படிக்கத் தொடங்கியது அந்தப் பிள்ளைதான். பெஞ்சைக் கும்பிட வைத்தால் பாடம் கெட்டது. தீ வைத்தது யார் என்று பெஞ்சு சொல்லாது. அதற்கு அரசு உத்தரவு வேண்டும், 1911 முதல் அய்யன்காளி உறுப்பினராக இருந்த ஸ்ரீமூலம் பிரஜாசபையின் நடவடிக்கைக் குறிப்புகள் வேண்டும், பஞ்சமியின் குடும்பத்தார் சொல்லிவரும் நினைவுகள் வேண்டும். உத்தரவு போடுவதும் அது நடப்பதும் வேறு வேறு என்பது நாலாம் வகுப்புக்குப் புரியாதா? நம்மைவிட நன்றாகவே புரியும்.

எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால், முஞ்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவபுரம். ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் அங்கே கோயில் எடுத்து, 95 மாணவர்களுக்கு ஒரு கல்விச் சாலையும் ஏற்படுத்தினான். அதைச் சொல்லும் செப்பேடு வட்டெழுத்தில், பெரும்பகுதி தமிழில் இருக்கிறது. திருவனந்தபுரம் ஹஜூர் கச்சேரியில் இருந்ததால் ஹஜூர் செப்பேடு என்று பெயர். சாலை மாணவர்கள் சண்டை போட்டால் தண்டம், கூட்டத்துக்கு ஆயுதத்தோடு வரக்கூடாது என்றெல்லாம் அதில் விதிகள் உண்டு. இதை வாசித்துக் காட்டினால் வகுப்பு சிரிக்கும். சிரித்து முடிந்ததும் அந்த 95 இடங்களைப் பங்கு பிரித்த கணக்கைக் கரும்பலகையில் எழுதலாம்: 45, 36, 14. மூன்றும் மூன்று வேதப் பிரிவினருக்கு. மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு எத்தனை என்று அவர்களே தேடட்டும். ஆயிரம் ஆண்டு இடைவெளியில் இரண்டு சான்றுகள், இரண்டும் பள்ளியில் இடம் யாருக்கு என்பதைப் பற்றியே. இப்படி ஒரு வாய்ப்பு எத்தனை வட்டாரங்களுக்குக் கிடைக்கும்?

இன்னும் பக்கத்தில் வேண்டுமென்றால் வீட்டு டிரங்குப் பெட்டி இருக்கிறது. நடுவில் எல்லை விழுவதற்கு முந்தைய தாள்கள் அதில் இருக்கும்: 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போனது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டும் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாட்டியின் பழைய நில ஆதாரத்தில் இருப்பது கொல்லம் ஆண்டு. சிங்க மாதம் முதல் டிசம்பர் வரை 824, அதற்குப் பிறகு 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். கணக்குப் பாடமும் ஆயிற்று.

பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. அதில் சாதி இருக்கும், தகப்பன் தொழில் இருக்கும், அந்தப் பெயர்களின் பேரப்பிள்ளைகள் அதே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். பதிவேட்டை அப்படியே கையில் கொடுக்காதீர்கள். பெயரையும் சாதியையும் மறைத்து நகலெடுத்து, சேர்ந்த ஆண்டு, ஆணா பெண்ணா, நின்ற வகுப்பு, நின்ற காரணம் இவற்றை மட்டும் கொடுங்கள். எந்த வகுப்போடு பெண்பிள்ளைகள் நின்றுபோனார்கள் என்று பிள்ளைகளே எண்ணிச் சொல்வார்கள்.