காக்கை வன்னியன் எத்தனை பேர்?

சென்ற மாதம் வடமராட்சியிலே ஒரு சிற்றூர்ப் பாடசாலையின் ஆண்டு விழாவுக்கு நம்மை அழைத்திருந்தார்கள். பரிசளிப்பு முடிந்தபின் மேல்வகுப்பு மாணவர் பண்டாரவன்னியன் கதையை நாடகமாக நடித்தனர். அட்டைக் கிரீடம், வெள்ளித்தாள் ஒட்டிய வாள், யாரோ ஒரு தாயாரின் கூறைச்சேலையில் தைத்த திரைச்சீலை. குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. காக்கை வன்னியனாக வந்த சிறுவன் மற்றெல்லாரையும் விஞ்சி நடித்தான். அதுவே அவனுக்கு வினையாய் முடிந்தது. அவன் மேடையில் தோன்றும்போதெல்லாம் பின்வரிசையார் கூவித் தீர்த்துவிட்டனர்.

விழா முடிந்து நாம் தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில், அரிதாரம் கலையாத முகத்தோடு அச்சிறுவன் ஆசிரியர் அருகே வந்து நின்றான். "சேர், அடுத்த முறை எனக்கு வேற வேஷம் தாங்கோ. பெடியள் எல்லாரும் என்னைக் காக்கை எண்டுதான் கூப்பிடுறாங்கள்" என்றான். ஆசிரியர் சிரித்தார், நாமும் சிரித்தோம். ஆயினும் பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பிள்ளையின் முகம் நம்மை விட்டு அகலவில்லை. இந்தக் காக்கை வன்னியன் யார் என்ற கேள்வியும் அதனோடு வந்து ஒட்டிக்கொண்டது.

கதை நம் வாசகர் பலர் அறிந்ததே. வன்னியின் கடைசித் தலைவன் பண்டாரவன்னியன். அவன் தங்கை நல்லநாச்சி. அவளை மணக்க விரும்பினான் அயற்பகுதித் தலைவனாகிய காக்கை வன்னியன். மறுக்கப்பட்டான், அவமானப்பட்டான், வெள்ளையரோடு உறவு பூண்டான், மைத்துனனாக வேண்டியவனை மாற்றாரிடம் காட்டிக்கொடுத்தான். மறுபுறத்தில் குருவிச்சி நாச்சியாரின் காதல் ஓர் இழையாக ஓடுகின்றது. 1960களில் முல்லைமணி 'பண்டாரவன்னியன்' நாடகத்தை எழுதினார். பின்னாளில் தமிழகத்திலே மு. கருணாநிதி இவ்வீரனைப் பற்றி ஒரு நவீனமே எழுதினார். வீரம், காதல், துரோகம் என்ற மூன்றும் கூடிய இடத்தில் சரித்திரக் கதை தானாகவே பிறந்துவிடுகிறது போலும்.

இனிச் சரித்திரம் கூறுவதைப் பார்ப்போம். 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். 1803இல் அவர்கள் கண்டி இராச்சியத்தின்மீது போர் தொடுத்தனர். அவ்வாண்டு ஆனி மாதத்திலே கண்டி நகரில் இருந்த ஆங்கிலப் படை அடியோடு அழிந்தது. அந்தச் சூட்டோடு சூடாக, கண்டியரின் துணையும் பெற்று, ஆகஸ்ட் 25ஆந் திகதி பண்டாரவன்னியன் முல்லைத்தீவைத் தாக்கினான். அங்கிருந்த படையினர் கடல் வழியாக யாழ்ப்பாணத்துக்குத் தப்பி வந்தனர். பின்னர் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய முப்புறமிருந்தும் ஆங்கிலப் படைகள் வன்னிக்குள் நுழைந்தன. ஒக்டோபர் 31ஆந் திகதி, கற்சிலைமடுவில், கப்டன் வொன் டிறிபேர்க் என்பவர் எதிர்பாராத வேளையில் அவனைத் தாக்கி முறியடித்தார். அவ்விடத்தில் நடப்பட்ட நினைவுக்கல், பண்டாரவன்னியன் தோற்கடிக்கப்பட்டதை மட்டுமே கூறிற்று. இறந்தான் என்று கூறவில்லை. அன்றைக்கே மாண்டான் என்பாரும், தப்பிப் பின்னும் சில ஆண்டுகள் வாழ்ந்தான் என்பாரும் உளர்.

இந்தத் தோல்விக்கு ஏமாந்த மணமகன் ஒருவன் அவசியந்தானா? கடல் ஆங்கிலேயர் கையில் இருந்தது. தோற்ற படை தோணியேறித் தப்பவும், வென்றவனை மூன்று துறைகளிலிருந்து வந்து சூழவும் அக்கடலே வழிவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு முன்னரே ஒல்லாந்தரின் படையெடுப்பு வன்னிமைகளின் முதுகெலும்பை முறித்திருந்தது. இத்தனையும் இருக்க, மேடையில் நாம் காண்பதெல்லாம் ஒரு காக்கை வன்னியன்தான். கடலை மேடையில் கொண்டுவருதல் கடினம் என்பதும் உண்மையே.

அதனினும் விந்தை ஒன்று உண்டு. ஒல்லாந்தர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டிலே, மாதகல் மயில்வாகனப் புலவர் 'யாழ்ப்பாண வைபவமாலை'யை இயற்றினார். அதை எடுத்துப் புரட்டுவோர், சங்கிலி மன்னனைப் பறங்கியருக்குக் காட்டிக்கொடுத்தவன் பெயரைப் பார்த்துத் திடுக்கிடுவர். அவனும் காக்கை வன்னியன்! நல்லூர் இராச்சியம் வீழ்ந்தது 1619இல். கற்சிலைமடுப் போர் நடந்தது 1803இல். இடையே 184 ஆண்டுகள். இவ்வளவு நீண்ட ஆயுள் வாய்த்த துரோகி வேறெந்த நாட்டிலும் இருக்கமாட்டான்.

ஒரே பெயருடைய இருவர் இருந்திருக்கலாகாதா என்று வாசகர் கேட்கலாம். இருந்திருக்கலாம். வன்னியன் என்பது பட்டப்பெயர். அதைத் தாங்கியோர் பலர். ஆயினும், இரண்டு தோல்விகளின் வாசலிலும் அதே பெயர் நிற்பதைக் காணும்போது, பழைய கதையின் வில்லனைப் புதிய கதை இரவல் வாங்கிக்கொண்டதோ என்று நாம் ஐயுறுகிறோம். இதே வைபவமாலை மன்னன் விஷயத்தில் நேர்மாறாக நடந்துகொள்கிறது. சரித்திரத்தில் சங்கிலியர் இருவர். 1560இல் பறங்கியரின் பெரும்படையை எதிர்நின்று, நல்லூரை விட்டு நீங்கியும் மீண்டுவந்து அரசாண்டவன் முந்தியவன். 1617இல் அரச குடும்பத்தாரைக் கொன்று ஆட்சியைப் பற்றி, முதலில் பறங்கியரின் அங்கீகாரத்தையே நாடி, பின்னர் அவர்களோடு மோதி, 1619இல் பிலிப் தெ ஒலிவேறாவின் படைக்குத் தோற்று, கடல்வழி தப்ப முயன்றபோது பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டு மரண தண்டனை பெற்றவன் பிந்தியவன். வைபவமாலையில் இவ்விருவரும் ஒருவராகிவிட்டனர். வீரனைப் பொறுத்தவரை நம் மரபு இருவரை ஒருவராக்கிற்று. துரோகியைப் பொறுத்தவரை ஒருவனை இருவராக்கிற்றோ?

நம் நாட்டவருக்குச் சரித்திரக் கதை புதிதன்று. தமிழின் முதலாவது வரலாற்று நவீனம் எனப்படும் 'மோகனாங்கி'யை 1895இல் வெளியிட்டவர் திருகோணமலையைச் சேர்ந்த சரவணமுத்துப்பிள்ளை. ஆனால் அவர் கதைக்களம் தேடிப் பாக்குநீரிணையைக் கடந்து நாயக்க மன்னரிடம் போனார். நல்லூரின் கதையை நாடகமாக்கிய பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் 'சங்கிலி' 1956இல்தான் நூலாயிற்று. அதற்கு அவர் எழுதிச் சேர்த்த வரலாற்று முன்னுரையை மாணவர் தவறாது படித்தல் வேண்டும்; நாடகத்தைவிட அம்முன்னுரைதான் நமக்குச் சுவைத்தது என்று சொன்னால் நாடகாபிமானிகள் கோபிக்கக்கூடும். கல்கியோ 'சோலைமலை இளவரசி'யில் 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தையும், அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முந்திய பாளையங்களின் போராட்டத்தையும் ஒரு கனவினாலே முடிச்சிட்டார். அங்கும் காதலுக்குக் குறுக்கே நிற்பது வெள்ளையரின் நட்பே.

இவ்விடத்தில் அமெரிக்காவை நோக்குதல் பயனுடைத்து. அது வெகுதூரத்து விவகாரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அமெரிக்கர் சுதந்திரத்துக்காகப் போரிட்டபோது பிரான்சும் ஒல்லாந்தும் ஆங்கிலேயருக்கு எதிர்ப்பக்கம் நின்றன. அதன் காரணமாக 1782ஆம் ஆண்டு தை மாதத்தில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரின் திருகோணமலையைப் பிடித்தனர். அவ்வாண்டு ஆவணியில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சப்ரன் அதனைப் பறித்தார். செப்டெம்பர் 3ஆந் திகதி அத்துறைக்கு வெளியே இரு கடற்படைகளும் பொருதின. வாஷிங்டனின் போர் கோணேசர் மலையின் அடிவாரம் வரை வந்து போயிற்று.

அந்தப் போருக்கும் ஒரு காக்கை வன்னியன் உண்டு. பெனடிக்ற் ஆர்னல்ட் என்பது அவர் பெயர். தொடக்கத்தில் பெருவீரர், காலில் காயம்பட்டுத் தழும்பேறியவர். 1779இல் பெகி ஷிப்பன் என்ற இளநங்கையை மணந்தார். அந்நங்கைக்கோ மணத்துக்கு முன்பே ஆங்கிலப் படையதிகாரி ஜோன் அன்ட்றேயோடு அறிமுகம் இருந்தது. 1780இல் வெஸ்ற் பொயின்ற் கோட்டையை ஆங்கிலேயரிடம் ஒப்புவிக்க ஆர்னல்ட் செய்த சூழ்ச்சி வெளிப்பட்டது. அன்ட்றே பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார், ஆர்னல்ட் தப்பியோடினார். காதல், துரோகம், தூக்குமேடை என ஒரு நவீனத்துக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருக்கின்றது.

ஆயினும் அப்போரைப் பின்னணியாக வைத்து 1821இல் பெனிமோர் கூப்பர் எழுதிப் புகழ்பெற்ற 'ஒற்றன்' என்ற நவீனத்தின் நாயகன் யார் தெரியுமா? ஹார்வி பர்ச் என்னும் ஏழை நடைவியாபாரி. ஊரார் எல்லாரும் அவனை ஆங்கிலேயரின் ஒற்றன் என்று தூற்றுகின்றனர். அமெரிக்கப் படையே அவனைத் துரத்துகின்றது. உண்மையில் அவன் வாஷிங்டனின் ஆள். அது வாஷிங்டன் ஒருவருக்கே தெரியும். போர் முடிவில் அவர் பொன் கொடுக்கிறார். அவன் வாங்க மறுக்கிறான். பல்லாண்டு கழிந்து மற்றொரு போரில் அவன் மாண்டுகிடக்கையில், அவனிடம் இருந்த ஒரு தகரப்பேழையில் வாஷிங்டன் கைப்பட எழுதிய சாட்சிக் கடிதம் கிடைக்கிறது. ஆயுள் முழுதும் துரோகிப் பட்டம் சுமந்தவன் தேசபக்தன் என்று உலகம் அறியும்போது அவன் உயிரோடில்லை.

நம்மிடையே இத்தகைய கதை ஏன் எழவில்லை என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு. நமக்குத் தோன்றும் விடை இது. அமெரிக்கர் வென்றவர்கள். ஆர்னல்ட் துரோகம் செய்தும் அடுத்த ஆண்டே யோர்க்டவுனில் ஆங்கிலப் படை சரணடைந்தது. 1783இல் உடன்படிக்கை ஆயிற்று. வென்றவனுக்குத் துரோகியின் தேவை அதிகமில்லை. ஆகவே துரோகி என்று தவறாக எண்ணப்பட்டவனைப் பற்றி இரக்கத்தோடு கதை எழுத அவனால் முடிகிறது. தோற்றவன் நிலை வேறு. 'எம் வீரன் ஏன் தோற்றான்?' என்று பேரப்பிள்ளை கேட்கும்போது, பீரங்கி, கடற்படை, கண்டியின் அரசியல் என்று பாட்டி விரித்துரைக்கமாட்டாள். 'ஒருவன் காட்டிக்கொடுத்தான்' என்பாள். பிள்ளை உறங்கிவிடும். அதில் ஓர் ஆறுதலும் உண்டு. ஒருவன் கெட்டவனாக இருந்ததனாலன்றோ தோற்றோம், இல்லாவிடின் வென்றிருப்போம் என்ற ஆறுதல். அந்த ஒருவன் கெட்டவனானதற்கும் ஒரு பெண் மறுத்ததைக் காரணமாக்கிவிட்டால் கதை இன்னும் எளிதாகிவிடுகிறது. நல்லநாச்சி தன் மனத்துக்கு இசையாதவனை மறுத்தாள் என்பதைத் தவிர வேறென்ன செய்தாள்?

இந்த ஆறுதலுக்கு நாம் கொடுத்த விலை சிறிதன்று. துரோகி என்ற சொல் இம்மண்ணிலே நாடக மேடையோடு நின்றுவிடவில்லை. 1970களிலிருந்து சில தசாப்தங்களாக அச்சொல் எத்தனை வீட்டுப் படலைகளில் வந்து நின்றது என்பதையும், விடிந்த பின் அவ்வீடுகளில் எழுந்த அழுகையையும் நம் தலைமுறையினர் மறந்திருக்கமாட்டார்கள். ஹார்வி பர்ச்சுக்காவது ஒரு தகரப்பேழை இருந்தது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத நம் பேனா மறுக்கிறது.

எழுத விரும்பும் மாணவருக்கு ஒன்று கூறுவோம். நல்லூரின் வீழ்ச்சியிலே காதலுக்கும் வீரத்துக்கும் வேண்டிய அளவு இடமுண்டு. 1619க்குப் பின்னும் இங்கே அமைதி நிலவவில்லை. மறு ஆண்டிலேயே மிகப்பிள்ளை ஆராச்சி கிளர்ந்தெழுந்தான், தஞ்சை நாயக்கரின் படைகளும் கடல் கடந்து வந்தன. ஒரு வீட்டில் அண்ணன் கிளர்ச்சிக்காரரோடு போயிருப்பான். தம்பி பறங்கியரின் இறைக்கணக்கு எழுதியிருப்பான். தம்பி துரோகியா? அவன் கணக்கெழுதிக் கொண்டுவந்த நெல்லை உண்டுதானே அண்ணனின் பிள்ளைகள் பிழைத்திருப்பர்? அவ்விருவருக்கும் நடுவே ஒரு பெண்ணை நிறுத்திப் பாருங்கள். அவள் யாரை மறுத்தாலும் அவளைக் குற்றவாளியாக்காமல் கதையை முடிக்க முயலுங்கள். அப்படி ஒரு நவீனம் வருமாயின் அதனை முதலில் வாங்குவோர் வரிசையில் நாமும் நிற்போம்.

இதனை எழுதி முடிக்கும் வேளையில் அப்பாடசாலை ஆசிரியரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வரும் ஆண்டு விழாவுக்குச் சங்கிலி மன்னன் கதையை எடுத்துக்கொள்ள உத்தேசித்திருக்கிறாராம். செய்தி அறிந்த நம் சிறுவன் உடனே ஓடிவந்து, "சேர், அதில காக்கை வன்னியன் இல்லைத்தானே?" என்று கேட்டானாம். ஆசிரியர் இன்னும் பதில் சொல்லவில்லையாம்.