வேட்டையில் வலிமையை விடக் குறியே பெரிது

அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதிகளில் உரிமம் பெற்று, இறைச்சிக்காக எல்க் மானை வேட்டையாடுவோரிடையே நெடுநாளைய வாதம் ஒன்றுண்டு. 1906இல் அமெரிக்க இராணுவம் ஏற்ற .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு தோட்டா சிறந்ததா, 1963இல் வெளிவந்த .300 வின்செஸ்டர் மேக்னம் சிறந்ததா?

இரண்டும் செலுத்துவது ஒரே விட்டமுள்ள குண்டையே. மேக்னமில் வெடிமருந்து அதிகம். ஏறத்தாழ 11.7 கிராம் எடையுள்ள குண்டை .30-06 நொடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகத்திலும், மேக்னம் சுமார் 900 மீட்டர் வேகத்திலும் செலுத்துகின்றன. ஆகவே தொலைவில் மேக்னமின் குண்டு குறைவாகவே தாழும். தாக்கும் ஆற்றலும் மிகும். ஆனால் தோளைத் தாக்கும் பின்னுதைப்பும் கணிசமாகக் கூடும். அதற்கு அஞ்சிக் கண்ணை மூடி, விசையை வெடுக்கென இழுப்பவரின் குறி தவறும். இதயத்திலோ நுரையீரலிலோ பாய வேண்டிய குண்டு வயிற்றில் பாய்ந்தால், மான் காட்டுக்குள் ஓடி நெடுநேரம் துடித்தே சாகும்.

அறுக்கும் கத்தியைத் தீட்டிப் பிராணியின் வேதனையைக் குறைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அந்த இஹ்சான் வேட்டைக்கும் உரியதன்றோ?

எனவே, 250 மீட்டருக்குள் சுடுபவருக்கு .30-06 தாராளமாகப் போதும் என்பதே என் கருத்து. மேக்னமை விரும்புவோர், போதிய பயிற்சிக்குப் பின்னும் தம் குறி பிசகவில்லை என்று உறுதிசெய்துகொண்டே காட்டுக்குள் செல்லட்டும். பெருமைக்காகத் தேர்ந்த தோட்டாவால் துன்புறுவது வாயில்லா ஜீவனே, சகோதரர்களே!